மெர்லினின் அளவு

அநியாயம் நடந்தது மெர்லினுக்கு. செய்தவன் மோனீஷ். எப்படிச் செய்தான் என்றால், கேட்காமல் செய்தான். ஜியு ஜிட்சு வகுப்புக்குச் சீருடை ஆர்டர் போடுகிற வேலை, ஊதா பெல்ட் வாங்கிய சீனியர் என்ற முறையில் அவன் கைக்கு வந்தது. பையன்களை எல்லாம் உயரம் என்ன, எடை என்ன, போன தடவை தோள் பிடித்ததா, கால் குட்டையா என்று ஒவ்வொருத்தராக விசாரித்தவன், மெர்லின் முறை வந்தபோது மட்டும் தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான், ஏ-த்ரீ என்று போனில் தட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். ஏ-த்ரீ என்பது ஆறடி ஆம்பளைக்குத் தைத்தது. வந்து சேர்ந்த உடுப்பை மெர்லின் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது கைவிரல் தெரியவில்லை, கால்விரல் தெரியவில்லை, மொத்த வகுப்பும் சிரித்தது. அதற்கப்புறம் கொஞ்ச நாளில் அவள் வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இதுதான் வழக்கு. இதை நறுமுகை கோச்சிடம் சொல்லியிருக்கிறாள், வகுப்பின் வாட்ஸாப் குழுவில் தள்ளத் தள்ளத் தீராத நீளத்துக்கு எழுதியிருக்கிறாள், ஹாஸ்டல் வராந்தாவில் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறாள், ஒருமுறை பல்கலைக்கழகக் கேன்டீனில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்த அண்ணனைக்கூட நிறுத்திவைத்துச் சொல்லியிருக்கிறாள். எப்போது சொன்னாலும் இதே வரிசை: யாருக்கு, யார், எப்படி. வரிசை மாறினால் கோபம் கலைந்துவிடும் என்று அவளுக்கு ஒரு பயம். இப்போதும், பீளமேட்டில் பேட்டரிக் கடைக்கு மேலே இருக்கிற பயிற்சிக்கூடத்தின் உடை மாற்றும் அறைக்குள், தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு, கேட்க ஒரு ஆள் இல்லாதபோதும், மனசுக்குள் அதே வரிசையில் ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருந்தும் ஏன் வயிற்றில் ஒரு திருப்தி இறங்கவில்லை என்பதுதான் தெரியவில்லை.

காலடியில் ஒரு சாக்குமூட்டை வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவள் போட்ட சண்டையின் பலன் அது. பெண்களுக்கென்று தனி அளவு உண்டா இல்லையா, உண்டு, அதற்கு எஃப் என்று ஒரு எழுத்தும் உண்டு, அப்படியிருக்க ஆணுக்குத் தைத்ததைப் பெண் மேல் மாட்டிவிட்டு அதற்குப் பெயர் சமத்துவமா என்று அவள் குழுவில் கேட்ட கேள்விக்கு மோனீஷ் கைகூப்பிய பொம்மையைப் போட்டு மன்னிப்புக் கேட்டான். கோச் அருள்குமரன் வாதத்துக்கு நிற்கிற மனுஷர் அல்ல; கம்பெனிக்குப் போன் போட்டு, பெண்கள் அளவில் இருக்கிறதை எல்லாம் மூட்டை கட்டி அனுப்பச் சொல்லிவிட்டார். இன்றைக்கு வகுப்பு தொடங்குவதற்குள் கம்பெனி ஆள் வருவான், எடுத்தது போக மிச்சத்தை வண்டியில் போட்டுக்கொண்டு போய்விடுவான். அதற்குள் மெர்லினுக்கு ஒன்றைப் பொறுக்கிவிட வேண்டும். மூட்டையை உள்ளே தள்ளிவிட்டபோது அவர் சொன்னார், "பாத்து எடு அம்மிணி. மறுக்காவும் தப்பாப் போச்சுன்னா அந்தப் புள்ள இந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்காது." அதை அவர் சொல்லாமலே இருந்திருக்கலாம். அது தெரிந்துதானே நறுமுகையின் கை இரண்டு உடுப்புகளுக்கு நடுவே போய்ப் போய் வருகிறது. எஃப்-த்ரீ ஒன்று, எஃப்-ஃபோர் ஒன்று. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் அதே பிளாஸ்டிக் உறையின் வாடை, மடித்து வைத்தால் எது பெரிது என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் மெர்லின் திரும்பி வருவாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு போனால் வரமாட்டாள். உலகத்தில் எவ்வளவோ பெரிய பெரிய விஷயங்களில் சட்டென்று ஒரு பக்கம் நின்று பேசிவிடுகிறவளுக்கு, இந்த ஒரு விரற்கடை வித்தியாசத்தில் நா எழவில்லை.

இந்த உடுப்புக்குப் பெயர் கீ. பருத்தியை முறுக்கி முறுக்கி நெய்தது, ஜமுக்காளம் மாதிரிக் கனம். இந்த விளையாட்டில் அடி கிடையாது, உதை கிடையாது, பிடிதான். எதிராளி போட்டிருக்கிற சட்டையையே கயிறாக்கி எதிராளியைக் கட்டுவது. ஆகவே சட்டையின் அளவு இங்கே அழகு சம்பந்தப்பட்டது இல்லை. சட்டைக்கை நீண்டு தொளதொளத்தால் அடுத்தவன் நாலு விரலையும் கொடுத்துச் சுருட்டிப் பிடித்துக்கொள்வான். குட்டையாக இருந்தால் போட்டியில் நடுவர் கையை நேரே நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே அனுப்பிவிடுவார். போதாததற்குப் பருத்தி சுருங்கும். வாங்குகிற அன்று இருக்கிற அளவு துவைத்த அன்று இருக்காது. இதெல்லாம் நறுமுகைக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய, போட்டுப் பார்க்க மெர்லினின் உடம்பு அல்லவா வேண்டும், இங்கே இருப்பது இவள் உடம்பு, குட்டை, ஒல்லி, தோள் என்று சொல்லவே தோள் இல்லாதது. டி-ஷர்ட்டின் மேல் எஃப்-த்ரீயை மாட்டிக்கொண்டு, ரசம் போன கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டினாள். விரல்நுனிவரை வந்தது. மெர்லினுக்கு இது எங்கே வந்து நிற்கும்? மெர்லின் இவளைவிட ஒரு நெற்றி உயரம். இவள் கண் இருக்கிற இடத்தில் அவள் வாய் இருக்கும். அகலம்? அகலத்தை எப்படிச் சொல்வது, பார்த்து அளந்த அகலம் இல்லையே அது. கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினால்தான் மெர்லினின் கை வரும்.

வந்தது. தரையில் விரித்த மேட் மேல் மல்லாந்து கிடக்கிறாள் நறுமுகை, மெர்லின் மேலே இருக்கிறாள், வலது கை காலருக்குள் ஆழமாக இறங்கிப் பின்கழுத்தைத் தொடுகிறது, கட்டைவிரல் உள்ளே, மணிக்கட்டு எலும்பு சரியாகக் காதுக்குக் கீழே வந்து உட்காருகிறது, அந்த எலும்பு இங்கே என்றால் முழங்கை இவள் மார்பெலும்புக்கு நேராக இருக்கும், அப்படியானால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இவ்வளவு, நறுமுகை தன் கழுத்திலிருந்து மார்புவரை சாணால் அளந்தாள், அளக்கும்போதே விரல் அங்கேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் இப்போது யாரும் இல்லை. மெர்லினின் தலைவலித் தைலத்தின் வாசனை மட்டும் எங்கிருந்தோ வருகிறது, இந்த அறையில் வர வாய்ப்பே இல்லை, இங்கே வேர்வையும் டெட்டாலும்தான், ஆனாலும் வருகிறது. மெர்லினுக்கு ஒரு பழக்கம் இருந்தது. கழுத்தை நெருக்கிக்கொண்டிருக்கும்போதே, முழுப் பலத்தோடு நெருக்கும்போதே, முகத்தைக் கிட்டே கொண்டுவந்து, மார்த்தாண்டத்துப் பேச்சில், மெல்லக் கேட்பாள், "வலிக்கா பிள்ள?" கழுத்தை நெரிக்கிறவள் கேட்கிற கேள்வியா இது. வகுப்பில் எல்லோரும் அதற்குச் சிரிப்பார்கள். வலித்தால் தட்ட வேண்டும், மேட்டிலோ எதிராளி முதுகிலோ இரண்டு தட்டு, உடனே விட்டுவிடுவார்கள், அதுதான் ஒப்பந்தம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நறுமுகை தட்டமாட்டாள். தட்டுவது என்பது தோற்றேன் என்று ஒப்புக்கொள்வது, கண் இருட்டிக்கொண்டு வரும்வரை கழுத்தோடும் வாதாடிப் பார்ப்பாள், கோச் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார், இதென்ன பட்டிமன்றமா என்று. மெர்லின் மட்டும்தான் இவள் தட்டுவதற்கு முன்னாலேயே விடுவாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், உன் மூச்சு சொல்லுது என்பாள். தன் மூச்சு சொல்வதைக் கேட்கிற ஒருத்தி இரண்டு பிளாக் தள்ளி அதே ஹாஸ்டலில்தான் இருக்கிறாள், தினமும் மெஸ் வரிசையில் தட்டும் கையுமாக நிற்கிறாள், சாப்டியா என்று கேட்டால் சாப்டேன் என்கிறாள், அவ்வளவுதான். ஊரைவிட்டுப் போனவர்களுக்காக ஏங்குவார்கள், கேள்விப்பட்டிருக்கிறாள். பக்கத்தில் சாம்பார் வாங்குகிறவளுக்காக ஏங்குவதற்கு என்ன பெயர்?

எஃப்-த்ரீயைக் கழற்றி எஃப்-ஃபோரைப் போட்டாள். போட்டதும் கண்ணாடியில் தெரிந்தது ஆறாம் வகுப்பு நறுமுகை. கை மறைந்து, தோள்பட்டைத் தையல் மேல்கையில் இறங்கி, சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டும் போல. அவளுக்குச் சட்டென்று முகம் சுருங்கியது. விழுப்புரத்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் டெய்லர் கடை வாசலில் அம்மா சொல்வாள், இன்னும் நாலு விரல் விடுங்க, வளர்ற புள்ள. நீலப் பாவாடையின் ஓரத்தை அகலமாக உள்ளே மடித்துத் தைத்து, வருஷா வருஷம் ஒரு மடிப்பைப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் வெளுக்காத நீலம் ஒரு கோடாகத் தெரியும், பெஞ்சில் பக்கத்தில் இருந்தவள் ஒருத்தி அந்தக் கோடுகளைப் பார்த்து, நீ இங்க எத்தனை வருஷமாடி இருக்க, வருஷத்துக்கு ஒரு வளையம் போட மரமாடி நீ என்று கேட்டாள். வளர்கிற பிள்ளை அம்மா நினைத்த அளவுக்கு வளரவே இல்லை என்பதுதான் அதில் கேவலம். பத்தாம் வகுப்பு முடிகிறவரை அவளுக்கு அளவான உடுப்பு என்று ஒன்று கிடைத்ததில்லை, எல்லாம் இனிமேல் வரப்போகிற இன்னொரு நறுமுகைக்குத் தைத்தது, அந்தப் பெரிய நறுமுகை வரவேயில்லை, இவள் அவளுடைய துணிகளைச் சுமந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்வந்தாள். வாதம் பண்ணக் கற்றுக்கொண்டதே அங்கேதானோ என்று தோன்றுகிறது; உடம்பு நிரப்பாத சட்டையை வாய் நிரப்பியது. அதனால்தான் அன்றைக்கு மெர்லின் ஏ-த்ரீயில் வெளியே வந்தபோது மற்ற யாரையும்விட முதலில் நறுமுகைக்குச் சுருக்கென்றது. மெர்லின் நீண்ட சட்டைக் கைகள் இரண்டையும் தூக்கி மெல்ல அடித்துக்காட்டி, எனக்கு செறகு மொளச்சிருக்கு பாத்தியளா என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மோனீஷ், ரெண்டு பேர் குடியிருக்கலாம் போல என்றான். மெர்லின் உடனே, ஒரு போர்ஷன் வாடகைக்கு விடட்டா அண்ணா என்றாள். மறுபடி சிரிப்பு. பாவம், எவ்வளவு தைரியமாக மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் நறுமுகை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு ஆளாவது சிரிக்காமல் இருக்க வேண்டும், ஒருவருக்கு அவமானம் நடக்கும்போது குறைந்தபட்ச மரியாதை அது. மெர்லின் சிரித்தாளா? சிரித்தாள். ஆனால் அது வேறு சிரிப்பு. வேறு சிரிப்புத்தான். வேறாகத்தான் இருக்க முடியும். அன்றைக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவள் என்னவோ சொன்னாள்.

கதவை லேசாகத் தட்டினார் கோச். ஆச்சா என்று கேட்டார். இன்னும் கொஞ்ச நேரம் சார் என்றாள். கீழே பேட்டரிக் கடையில் யாரோ இரும்பை உருட்டுகிற சத்தம், வெளியே மேட் துடைக்கிற ஈரத் துணியின் சத்தம். பஸ்ஸில் என்ன சொன்னாள்? ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கீயைக் கழற்றாமல் சுடிதாருக்கு மேலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தாள், ஆமாம், அதை நறுமுகை கவனித்தாள், கழற்றி மடித்துப் பைக்குள் வைக்கக்கூட மனசு விட்டுப் போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். அப்போது நறுமுகை குழுவுக்கு அந்த நீளமான செய்தியை அடித்துக்கொண்டிருந்தாள். பெண்ணுடம்பு என்று ஆரம்பித்து, பார்வையின் அதிகாரம் என்று ஒரு வரி வந்து, அந்த வரிக்குப் பிறகு எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துக்கொண்டிருந்தாள், நல்ல வரி அது. மெர்லின் ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருந்தாள். இவள் உம் போட்டாள். அக்காள்களைப் பற்றி ஏதோ. தையலைப் பற்றி ஏதோ. செய்தியை அனுப்பிவிட்டு நிமிர்ந்து, கொடு இப்படி, நான் சரி பண்ணித் தர்றேன் என்றாள் நறுமுகை. எதை என்றாள் மெர்லின். இந்தச் சட்டையை. விடு பிள்ள, கெடக்கட்டு என்றாள் மெர்லின். கெடக்கட்டு என்பதற்கு, சண்டை வேண்டாம் என்றுதானே அர்த்தம், சாதுவான பிள்ளைகள் எல்லாம் இப்படித்தான் கெடக்கட்டு கெடக்கட்டு என்று விட்டு விட்டுத்தான் மோனீஷ்கள் உருவாகிறார்கள் என்று இவள் ஒரு பாட்டம் பேசினாள். ஹாஸ்டல் வாசலில் மெர்லின் சட்டையைக் கழற்றினாள். ஒரு கையை உருவி, கொஞ்ச நேரம் அப்படியே நின்று, பிறகு இன்னொரு கையை உருவினாள். பையிலிருந்த பேண்ட்டோடு சேர்த்துக் கொடுத்தாள். அந்தக் கொஞ்ச நேரம் இப்போது எதற்கு ஞாபகம் வருகிறது?

சரி பண்ணியது எப்படி என்பது ஜியு ஜிட்சுக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறுக்கு வழி. கீ பெரிதாக இருந்தால் கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போடு, வெயிலில் காயப்போடு, சுருங்கி அளவுக்கு வந்துவிடும். மெஸ்ஸில் சோறு வடிக்கிற அக்காவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அண்டாவில் கொதித்த தண்ணீரை இரண்டு பக்கெட் வாங்கி, சட்டையையும் பேண்ட்டையும் அதில் அமுக்கி, கட்டையால் கிண்டினாள். வந்து பார்த்தவர்கள், என்னடி வேகுது, இன்னிக்கு மெனுவா என்றார்கள். மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போட்டாள். சாயந்தரம் எடுத்தபோது அது அட்டை மாதிரி நின்றது. அவளுக்கு ஒரே பெருமை. ஆனால் துணி அவள் நினைத்த பக்கம் சுருங்கவில்லை. அகலம் அப்படியே இருக்க, நீளம் மட்டும் ஏறிப்போயிருந்தது. மெர்லின் போட்டுப் பார்த்தாள், சட்டைக்கை மணிக்கட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறி நின்றது, உடம்பைச் சுற்றிப் பெட்டி மாதிரி விறைத்தது. மெர்லின் கையை முன்னால் நீட்டி, அந்தக் குட்டைக் கையைப் பார்த்தாள். அப்புறம் நறுமுகையைப் பார்த்தாள். நல்லாட்டு இருக்கு என்றாள். அது போதும் என்று இவள் ஆரம்பித்துவிட்டாள், பாத்தியா, இதெல்லாம் நாம பண்ண வேண்டிய நிலைமைக்கு யார் காரணம், ஒரு வார்த்தை உன்னை அவன் கேட்டிருந்தா... மெர்லின் தலை வலிக்குது என்றாள். பெல்ட்டை மெல்ல அவிழ்த்தாள். உடுப்பை மடித்தாள், விறைத்த துணி மடங்கவில்லை, முழங்காலால் அழுத்தி மடித்தாள். அதற்கு அடுத்த வகுப்பிலிருந்து அவள் வரவில்லை.

வரவில்லை. அந்தச் சிரிப்பு ஆறாமல்தான் வரவில்லை என்று நறுமுகை வழக்கை எழுதினாள். ஆனால் சிரிப்பு முதலில், வராமல் போனது பிறகு, நடுவே இரண்டு வகுப்புகளுக்கு மெர்லின் வந்திருக்கிறாள், பழைய பொது உடுப்பைப் போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, கழுத்தை நெரித்துக்கொண்டு, வலிக்கா பிள்ள என்று கேட்டுக்கொண்டு. என் கீய எப்ப தருவ, எப்ப தருவ என்று இரண்டு தடவை விசாரித்தாளே. அவமானப்பட்டவள் அப்படியா விசாரிப்பாள். இந்த இரண்டு வகுப்புகளை வழக்கில் எங்கே வைப்பது என்று இதுவரை யாரும் கேட்கவில்லை, எதிர்க்கட்சி வக்கீல் இல்லாத வழக்கு, அதனால் இவளும் வைக்கவில்லை. மெர்லின் போன பிறகு பையன்களோடுதான் பயிற்சி. பாதிப் பேர் கண்ணாடிப் பாத்திரத்தைத் தொடுகிற மாதிரித் தொடுவார்கள், மீதிப் பேர் நிரூபிக்கிற மாதிரி நெருக்குவார்கள். இவள் தட்டமாட்டாள் என்று தெரிந்ததும் ஒருவன் பயந்துபோய்ப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். யாரும் கேட்பதில்லை. குழுவில் தான் எழுதியதை, மோனீஷ் மன்னிப்புக் கேட்டதை, எல்லாவற்றையும் படம் பிடித்து மெர்லினுக்கு அனுப்பினாள் நறுமுகை, ஜெயிச்சுட்டோம் என்று. பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல். அதை அவள் எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறாள், அந்தக் கட்டைவிரல் தன் காலருக்குள் இறங்குகிற கட்டைவிரல் இல்லை என்பதைத் தவிர அதிலிருந்து வேறு எதுவும் தெரியவில்லை. ஒருவேளை ஜெயித்திருக்க வேண்டியது மோனீஷை இல்லையோ. ஒருவேளை இந்த வழக்கே, மெர்லினிடம் போய் நீ இல்லாமல் எனக்கு அந்த இடமே வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருத்தி, அவளைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருப்பதற்காகக் கண்டுபிடித்த சாக்கோ. இந்த நினைப்பு வந்ததும் எஃப்-ஃபோருக்குள் அவளுக்குக் குப்பென்று வியர்த்தது. வேண்டாம், அளவைப் பார், எஃப்-த்ரீயா, எஃப்-ஃபோரா, முழங்கையிலிருந்து மணிக்கட்டு இவ்வளவு, இடுப்பு...

இடுப்பு. மூச்சு. மூச்சு விட்டா தையல் விடும். அதுதான். அதுதான் பஸ்ஸில் சொன்னது. யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி மொத்தமும் வந்தது, ஜன்னல் காற்றோடு, கண்டக்டர் விசிலோடு. எங்க வீட்ல நாங்க மூணு பொண்ணு பிள்ள, நான் கடைசி, ரெண்டு அக்காமாரும் ஈர்க்குச்சி மாதிரி, அவளுவ போட்டுக் கழிச்சதெல்லாம் எனக்கு வரும், அம்மா பக்கத் தையலப் பிரிச்சுப் பிரிச்சு விடுவா, அப்பவும் பத்தாது, மூச்சு விட்டா தையல் விடும், பள்ளிக்கூடத்துல கை தூக்க மாட்டேன் கேட்டியா, பதில் தெரிஞ்சாலும் தூக்க மாட்டேன், அக்குள் கிழிஞ்சிரும். அப்புறம் அவள் கையைத் தூக்கினாள். பஸ்ஸில், ஜன்னலோரத்தில், அந்தப் பெரிய வெள்ளைச் சட்டைக்குள், ஒரு கையை முழுசாக மேலே தூக்கி, மேல் கம்பியைப் பிடித்தாள், எதற்கு என்று இல்லாமல் சும்மா பிடித்துக்கொண்டு வந்தாள். காற்று உள்ளே புகுந்து சட்டை கப்பல் பாய் மாதிரிப் புடைத்தது. இதுல பாரு, காத்து போவுது என்றாள். உம் என்றாள் நறுமுகை. பார்வையின் அதிகாரம் என்ற வரியை முடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கையை நீட்டி, கொடு இப்படி, சரி பண்ணித் தர்றேன் என்றாள். நறுமுகை கண்ணாடிக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், மூட்டையின் மேலேயே. பெரிய உடுப்பு என்றால் அவமானம் என்று உலகத்தில் யாருக்கு? நீலப் பாவாடை போட்டவளுக்கு. கேட்காமல் அளந்தவன் மோனீஷ், ஒத்துக்கொள்கிறேன், அதில் மாற்றமில்லை, ஆனால் கேட்காமல் கொதிக்கவைத்தது யார். இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு, ஞாபகத்தை வைத்துக்கொண்டு, ஒரு சாணால் அளந்துகொண்டு இருப்பது யார். ஒரே ஹாஸ்டலில், போன் போட்டால் எடுக்கிற தூரத்தில், அளவின் சொந்தக்காரி இருக்கும்போது. இல்லை, அப்படி இருக்காது, நானாக நினைத்துக்கொள்கிறேன், இதுவும் என் வாதம்தான், எந்தப் பக்கம் நின்றாலும் மெர்லினுக்குப் பதிலாக நானே பேசிக்கொண்டிருக்கிறேன். கழுத்தில் அந்த மணிக்கட்டு எலும்பு வந்து உட்கார்ந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. வலிக்கா பிள்ள.

"அம்மிணி, அந்தாளு வந்துட்டான்" என்றார் கோச் வெளியே. "எந்தச் சைசுன்னு சொல்லிப்போடு, மூட்டையக் கட்டோணும்."

நறுமுகையின் வலது கை அவளை அறியாமல் சாக்குமூட்டையின் மேல் இரண்டு தட்டுத் தட்டியது. பிறகு போனை எடுத்தாள். செய்தி எழுதினால் நீளமாகிவிடும், அதனால் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று ஒரு நிம்மதிகூட வரத் தொடங்கியது, எடுக்காவிட்டால் எஃப்-ஃபோர் என்று சொல்லிவிடலாம், பெரியது, பாதுகாப்பு. மெர்லின் எடுத்தாள். பின்னால் லைப்ரரி மின்விசிறியின் இரைச்சல், நாற்காலியை நகர்த்திக்கொண்டு வெளியே வருகிற சத்தம், சொல்லு என்றாள். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது, எல்லாம் வரிசையாக, யாருக்கு, யார், எப்படி என்று வாய் வரைக்கும் வந்து நின்றது. நறுமுகை அவற்றை அங்கேயே நிற்க விட்டாள்.

"மெர்லின், உனக்கு எந்த அளவு வேணும்?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. மற்றவர்களின் மூச்சைக் கேட்டுப் பழக்கமில்லாதவள், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அதைக் கேட்டாள். உள்ளே போயிற்று, வெளியே வந்தது, எங்கேயோ லேசாகத் தடுக்கிற்று. கோச் மறுபடி கதவைத் தட்டினார். அப்புறம் மெர்லின் சொன்னாள், அவசரமில்லாமல், கழுத்துக்குப் பக்கத்தில் வந்து பேசுகிற அதே குரலில்.

"அந்த ஏ-த்ரீ எனக்குச் சரியாட்டுத்தான் இருந்திச்சு பிள்ள. நீதான் வேவ வச்சுப் போட்ட. மோனீஷ் அண்ணன்ட்ட கேளு, அதே மாதிரி இன்னொண்ணு கெடைக்குமான்னு."